இரவு இரண்டு மணி மெயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "இப்போது சின்னப் பட்டறைகூட அலாரம் அடித்தால் முதலாளி போனுக்கு மெயில் அனுப்புகிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு காசிமேடு, மணலி, கொடுங்கையூர், எண்ணூர் என்று வடசென்னை முழுக்கக் கேள்விகள் வந்துவிட்டன. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு: மணலிப் பக்கம் 31 வருடம் ஆலைகளின் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கம். யாராவது கூப்பிட்டால் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு இப்போதும் கிளம்பிவிடுவேன்.

மீன் குளிர்பதனக் கிடங்கு சூப்பர்வைசர், காசிமேடு: நான்கு குளிர் அறைகளுக்கும் சேர்த்து ஒரு டேட்டா லாகர் (குளிரின் அளவைப் பதிவு செய்து, எல்லை மீறினால் மெயில் அனுப்பும் பெட்டி) மாட்டியிருக்கிறோம். மெயில் செட்டிங்கில் கம்பெனியின் ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் சரியாகத்தான் போட்டேன். அதே பாஸ்வேர்டில் போனில் ஜிமெயில் திறக்கிறது. லாகரில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் 'ஃபெயில்' என்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை.

விற்றவர் போனை எடுக்காதது இந்தத் தொழிலின் பரம்பரை வியாதி. அதை விடுங்கள்.

உங்கள் பாஸ்வேர்டு சரிதான். அதை அந்தப் பெட்டி வழியாகக் கொடுத்தால் கூகுள் ஏற்காது, அவ்வளவுதான் விஷயம். 2022 மே 30 முதல், சாதாரண பாஸ்வேர்டை வைத்து வெளிச் சாதனங்கள் ஜிமெயிலுக்குள் நுழைவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் முதலில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போடுங்கள். பிறகு அங்கேயே 'ஆப் பாஸ்வேர்ட்ஸ்' என்று தேடினால் 16 எழுத்துள்ள ஒரு பாஸ்வேர்டு உருவாக்கித் தரும். நான்கு நான்காக இடைவெளி விட்டுக் காட்டும். லாகரில் போடும்போது இடைவெளி இல்லாமல் சேர்த்து அடியுங்கள். ஒரு தடவைதான் காட்டும் என்பதால் உடனே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. நாளைக்கு உங்கள் அக்கவுன்டன்ட் அந்த ஜிமெயிலின் அசல் பாஸ்வேர்டை மாற்றினால் இந்த 16 எழுத்தும் அந்த நிமிடமே செத்துப்போகும். லாகர் சத்தமில்லாமல் ஊமையாகிவிடும். ஆகவே பில் அனுப்புகிற கணக்கை இதற்குக் கொடுக்காமல், அலாரத்துக்கென்றே தனியாக ஒரு கணக்கு தொடங்குங்கள்.

அப்புறம் போர்ட் எண், அதாவது மெயில் எந்தக் கதவு வழியாகப் போக வேண்டும் என்ற எண். 587 போட்டால் பக்கத்திலுள்ள பாதுகாப்புக் கட்டத்தில் 'ஸ்டார்ட் டிஎல்எஸ்' என்று இருக்க வேண்டும். 465 போட்டால் 'எஸ்எஸ்எல்'. இரண்டுமே மெயிலைப் பூட்டி அனுப்பும் முறைகள். இரண்டையும் மாற்றிப் போட்டால் பெட்டி வெகுநேரம் யோசித்துவிட்டு 'ஃபெயில்' என்று சொல்லும். மேனுவலில் 25 என்று அச்சிட்டிருந்தால் அது பழைய மேனுவல். நிறைய இணைய நிறுவனங்கள் ஸ்பாமுக்குப் பயந்து அந்தக் கதவை அடைத்துவைத்திருக்கின்றன.

இதையெல்லாம் சரிசெய்தும் போகவில்லை என்றால், லாகரின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து கேட்வே, டிஎன்எஸ் என்ற இரண்டு கட்டங்களைப் பாருங்கள். பத்தில் ஏழு இடத்தில் அவை காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து லாகர் பக்கம் திறக்கிறது, வரைபடம் ஓடுகிறது, ஆகவே நெட்வொர்க் சரி என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரே தெருவுக்குள் நடமாட வழி கேட்க வேண்டியதில்லை. தெருவைத் தாண்டுவதற்குத்தான் கேட்வே. ஜிமெயில் என்ற பெயருக்கு விலாசம் கண்டுபிடிப்பதற்குத்தான் டிஎன்எஸ்.

கடைசியாகத் தேதி. சிரிக்காதீர்கள். உங்கள் பக்கமே ஒரு ஐஸ் பேக்டரியில் அரை நாள் இதற்காக உட்கார்ந்திருக்கிறேன். ஆப் பாஸ்வேர்டு சரி, போர்ட் சரி, கேட்வே சரி. கேபிள் நுனியைக் கழற்றினால் உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூத்திருந்தது. புதிதாகக் கிரிம்ப் அடித்தேன். அப்போதும் போகவில்லை. தற்செயலாகத் திரையின் மூலையைப் பார்த்தேன்: 2000 ஜனவரி 1. உள்ளே இருந்த காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. கரன்ட் போய் வரும்போதெல்லாம் பெட்டி 2000-க்குப் போய்விடுகிறது. மெயில் சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று இருக்கும். 2000-இல் உட்கார்ந்திருக்கும் பெட்டி அதைப் பார்த்து, இன்னும் பிறக்காத சான்றிதழ் என்று கதவைச் சாத்திவிடும். ராயபுரத்தில் ஒரு வாட்ச் கடையில் சிஆர் 2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டதும் டெஸ்ட் மெயில் போனது.

பராமரிப்புப் பிரிவு, மணலி: எங்கள் ஆலையில் பேனலில் உள்ள 140 பாயின்ட்டையும் (அலாரம் தரும் இடங்களையும்) மெயிலுக்கு இணைத்துவிட்டோம். ஒரு நாளைக்கு 200, 300 மெயில். முதல் வாரம் எல்லோரும் பார்த்தார்கள். இப்போது யாரும் பார்ப்பதில்லை, நானும்தான். எப்படிக் குறைப்பது?

"நானும்தான்" என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் கேள்வியை முதலில் போட்டிருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அலாரம் என்றால் ஜன்னல் பேனல். பால் நிறப் பிளாஸ்டிக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே இரண்டு பல்பு, மேலே பொறித்த எழுத்து. ஏதாவது எகிறினால் ஹூட்டர் அலறும், அந்தக் கட்டம் மினுக்கும். கீழே அக்செப்ட், ரீசெட், டெஸ்ட் என்று மூன்று பட்டன். புதிதாக ஒரு ஜன்னல் வேண்டுமென்றால் ஃபீல்டிலிருந்து கேபிள் இழுக்க வேண்டும், ரிலே வேண்டும், பேனலில் இடம் வேண்டும். அதனால் எங்கள் ஃபோர்மேன் முதலில் கேட்பது, "இது அடிச்சா நீ என்னடா பண்ணுவே?" பதில் சொல்லத் தெரியாவிட்டால் ஜன்னல் கிடையாது. இன்றைக்கு மென்பொருளில் ஒரு டிக் அடித்தால் அலாரம், இன்னொரு டிக் அடித்தால் மெயில். கேபிள் செலவு போனதோடு அந்தக் கேள்வியும் போய்விட்டது.

இது உங்கள் ஆலையின் குறை மட்டும் கிடையாது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டில் மில்ஃபர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பெரிய வெடிப்பு. அதற்கு முந்தைய கடைசி 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரம் வந்து விழுந்திருக்கிறது. எதைப் பார்ப்பது? அங்கே இருந்த அலாரங்களில் மிகப் பெரும்பாலானவை 'அதிமுக்கியம்' என்றே குறிக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் வந்தது. அதற்குப் பிறகு 1999-இல் வெளியான ஈஈஎம்யுஏ 191 என்ற அலாரம் வழிகாட்டி, திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குச் சாதாரண நாளில் 10 நிமிடத்துக்கு ஒரு அலாரம் என்றால் சமாளிக்கலாம் என்று கணக்குச் சொன்னது. அது சம்பளம் வாங்கிக்கொண்டு, விழித்துக்கொண்டு, திரையைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவருக்கு. வீட்டில் தூங்குகிற மனிதருக்கு என்ன கணக்கு? என் சொந்த அளவுகோல்: ஒருவருடைய போனுக்கு இரவில் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வந்தால், தவறு நம் செட்டிங்கில்தான் இருக்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதவரம் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கு. மெயில் செட்டிங் செய்து கொடுத்தவன் நான்தான். மழைநீர் சேரும் சம்ப் தொட்டியில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணீர் ஏறினால் மிதந்து தட்டும் ஸ்விட்ச்) இருந்தது. அதற்கும் மெயில் வேண்டும் என்றார்கள், சரி என்று போட்டுவிட்டேன். நவம்பரில் ஒரு நாள் பகலிலிருந்தே விடாத மழை. தண்ணீர் சரியாக ஃப்ளோட் மட்டத்தில் வந்து நின்றது. பம்ப் ஓடும்போது தண்ணீர் அலையடிக்க, ஃப்ளோட் மேலே கீழே ஆட, கான்டாக்ட் ஒட்டி விலகி ஒட்டி விலகி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மெயில். ஜிமெயில் இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 500 மெயில்தான் அனுப்பலாம். நள்ளிரவுக்குள் 500-ம் சம்ப்புக்கே போய்விட்டது. அப்புறம் கணக்குப் பூட்டு. ஒன்றே முக்கால் மணிக்குக் கம்ப்ரசர் டிரிப் ஆகி நின்றது. அந்த மெயில் பெட்டியை விட்டு வெளியேறவே இல்லை. காலையில் கதவைத் திறந்தபோது மைனஸ் 18-இல் இருக்க வேண்டிய அறை மைனஸ் 6-இல் இருந்தது, உள்ளே இறால். முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒரு இறாலைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு நான் செய்வது இது. ஒரு நோட்டில் எல்லாப் பாயின்ட்டையும் எழுதி, எதிரே ஃபோர்மேனின் கேள்வியைக் கொஞ்சம் நீட்டிக் கேட்பேன்: இந்த மெயில் இரவு இரண்டு மணிக்கு வந்தால் யார் எழுந்திருப்பார், எங்கே போவார், என்ன செய்வார்? மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் மெயில். "காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்பதெல்லாம் காலை ஏழு மணிக்கு ஒரே மெயிலாகச் சேர்ந்து வந்தால் போதும். இப்படி 90 பாயின்ட் இருந்த ஓரிடத்தில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து சண்டை போட்டுக் கழித்ததில் கடைசியில் ஒன்பது மிஞ்சியது.

மிஞ்சியதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. முதலாவது டிலே. ஃப்ளோட் விட்டுவிட்டு ஆடினால் அதை நம்பாதே. 30 விநாடி விடாமல் ஒட்டியிருந்தால் நம்பு. குளிர் அறையில் சரக்கு ஏற்றும்போதும் டிஃப்ராஸ்ட் (படிந்த பனியை உருக்குவது) ஓடும்போதும் சூடு ஏறத்தான் செய்யும், அங்கே 20 நிமிடம் பொறு. இரண்டாவது ஹிஸ்டரிசிஸ், அதாவது அடிக்கும் அளவும் அடங்கும் அளவும் வேறுவேறாக இருப்பது. மைனஸ் 15-இல் அடித்தால் மைனஸ் 17-க்கு இறங்கிய பிறகுதான் அடங்க வேண்டும். இரண்டுக்கும் மைனஸ் 15 என்றே வைத்தால் 14.9, 15.1 என்று இரவெல்லாம் உங்கள் இன்பாக்ஸில் கபடி ஆடும். எரிவாயு டிடெக்டர், தீ போன்றவற்றுக்கு இந்தப் பொறுமை வைத்தியம் பார்க்காதீர்கள். அவை அடித்தால் அடித்ததுதான்.

ஷிப்ட் ஆபரேட்டர், கத்திவாக்கம்: இரவு 2:20-க்கு நடந்ததை மெயிலில் முந்தைய நாள் இரவு 8:50 என்று காட்டுகிறது. மேனேஜர் என்மேல் சந்தேகப்படுகிறார்.

இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. உங்கள் பெட்டி உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. டைம் ஜோன் கட்டத்தில் பிளஸ் 5:30 போடுங்கள். என்டிபி என்ற வசதி இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள், கடிகாரம் தானாகச் சரிபார்த்துக்கொள்ளும். இந்தப் பதிலை மேனேஜரிடம் காட்டுங்கள்.

வாசகி, கொடுங்கையூர்: எங்கள் யூனிட்டில் இரவு வாட்ச்மேனுக்கு ஆங்கிலம் வராது. மெயில் தலைப்பைத் தமிழில் அடித்தேன். வந்ததெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. தமிழில் அனுப்பவே முடியாதா?

முடியும், உங்கள் பெட்டிக்குத்தான் தெரியவில்லை. மெயிலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துகள் மட்டும் என்று ஏற்பட்ட காலத்து ஏற்பாடு. வேறு மொழி எழுத்து வேண்டுமென்றால் அதைக் குறியீடாக மாற்றிச் சுருட்டி அனுப்ப வேண்டும். போனும் கம்ப்யூட்டரும் அதைத் தாமாகச் செய்துவிடும். மலிவான லாகர்களில் அந்த வேலையை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். சிலவற்றில் தலைப்பு கேள்விக்குறியாக வந்தாலும் உள்ளே உள்ள செய்தி தமிழில் ஒழுங்காக வரும். ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் எல்லோரும் செய்வதுதான்: ஆங்கில எழுத்தில் தமிழை அடியுங்கள். எங்கள் பேரன் தலைமுறை பாதித் தமிழை அப்படித்தான் படிக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. இரவு வாட்ச்மேனுக்குப் புரிந்தால் சரி.

மொழியைவிடத் தலைப்பில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். போன் பூட்டியிருக்கும்போது திரையில் முதல் 30, 40 எழுத்துதான் தெரியும். பெட்டி வாங்கியபடியே விட்டால் அதில் 'அலாரம் நோட்டிஃபிகேஷன் ஃப்ரம் டிவைஸ் நம்பர்...' என்று வந்து, விஷயம் வருவதற்குள் இடம் முடிந்துவிடும். அதை அழித்துவிட்டு 'ரூம் 3, மைனஸ் 11, கம்ப்ரசர் நின்றது' என்று ஆரம்பியுங்கள். எங்கே, எவ்வளவு, என்ன. டேக் நம்பரை (கருவியின் அடையாள எண்ணை) உள்ளே கடைசியில் போட்டால் போதும். இன்ஜினியர் தேடிப் படித்துக்கொள்வார். வாட்ச்மேனுக்கு அது ஏதோ லாரி நம்பர் மாதிரி. உள்ளே முதல் வரியில், அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையையும் கூப்பிட வேண்டிய ஒரே ஒரு ஆளையும் எழுதுங்கள்.

ஐஸ் பேக்டரி உரிமையாளர், காசிமேடு: மெயில் நன்றாக வருகிறது. ஹூட்டர் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் புகார். ஹூட்டரைக் கழற்றிவிட்டு மெயிலோடு விட்டுவிடலாமா? இரவு ஆள் ஒருவரையும் குறைக்கலாம் என்று யோசனை.

கழற்றாதீர்கள். ஆளையும் குறைக்காதீர்கள்.

மெயில் என்பது தபால்தான். உங்கள் பெட்டியிலிருந்து ஒரு சர்வர், அங்கிருந்து இன்னொன்று, பிறகு உங்கள் போன். நடுவில் யாராவது "இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா" என்று சொன்னால் அது காத்திருந்து திரும்ப முயற்சி செய்யும். சாதாரணமாகச் சில விநாடியில் வந்துவிடும்; சில சமயம் அரை மணி ஆகும். இத்தனை நிமிடத்துக்குள் வந்தே தீரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. உங்களிடம் குளிரவைக்க இருப்பது அமோனியா வாயு. காற்றில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) இருக்கும்போதே அலாரம் வைக்கிறோம். 300 பிபிஎம் என்றால் உயிருக்கு ஆபத்து என்று கணக்கு. குழாய் இணைப்பு விட்டால் 25-இலிருந்து 300-க்குப் போக மெயில் வருகிற நேரம்கூட ஆகாது. உள்ளே இருக்கிற ஆளை வெளியே ஓடவைப்பது ஹூட்டரும் சுழல் விளக்கும்தான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும்போது எண்ணூர் பெரியகுப்பத்தில் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து வந்த அமோனியாவை ஜனங்கள் கண் எரிந்து, தொண்டை அடைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். அதே மாதம் ஆரம்பத்தில்தான் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் கரன்ட் இல்லை, டவர் இல்லை, பக்கத்துத் தெருவிலிருக்கும் தங்கைக்கு என்ன ஆச்சு என்று முழங்கால் தண்ணீரில் நடந்து போய்த்தான் பார்த்தேன். அன்றைக்கு எந்த லாகரின் மெயில் எங்கே போயிருக்கும்?

அக்கம்பக்கத்துப் புகாருக்கு வேறு வழி இருக்கிறது. ஹூட்டரை உள்பக்கமாகத் திருப்பலாம், டிரிப், லெவல் போன்ற சில்லறை அலாரங்களுக்குச் சின்ன பஸ்ஸர் வைக்கலாம். அமோனியா அலாரத்தின் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்கிற வீட்டுக்கு ஒருநாள் நேரில் போய், அது என்ன சத்தம், அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். புகார் குறையும்.

வாசகர், எர்ணாவூர்: மெயில் வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்தானே?

கூடாது. கரன்ட் போனாலும், சிம்மில் டேட்டா தீர்ந்தாலும், ரவுட்டரை யாராவது போன் சார்ஜ் போடுவதற்காகப் பிடுங்கினாலும் மெயில் வராது. (கடைசியாகச் சொன்னதை இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன்.) தினமும் காலை ஆறு மணிக்கு 'எல்லாம் நலம்' என்று ஒரு மெயில் அனுப்பும்படி வையுங்கள். அது வரவில்லை என்பதுதான் அலாரம். செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் ஒரு பத்தி போட்டு, ஆறு மணி மெயில் வந்ததா என்று கையெழுத்து வாங்குங்கள். வாரத்துக்கு ஒருநாள் சென்சாரையே கிளறி நிஜ அலாரம் ஒன்று அடிக்கவிட்டுப் பாருங்கள். டெஸ்ட் பட்டன் மெயிலை மட்டும்தான் சோதிக்கும், சென்சாரைச் சோதிக்காது. லாகருக்கு யுபிஎஸ் கொடுத்தவர்கள் ரவுட்டரையும் நடுவிலிருக்கும் ஸ்விட்ச்சையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறார்களா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டியிருக்க மாட்டார்கள்.

இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர், மணலி: கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுத்தால் மெயில் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஐடி பிரிவு கொடுக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் எங்கள் ஜாதி, எங்கள் பக்கம்தானே பேசுவீர்கள்?

இந்த விஷயத்தில் ஐடி பிரிவு சொல்வதே சரி. வால்வைத் திறந்து மூடும் கம்ப்யூட்டரும் ஊருலகமும் ஒரே கம்பியில் தொங்கக் கூடாது. அவர்களோடு சண்டை போடாமல் இப்படிக் கேளுங்கள்: ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒரு மெயில் ரிலே (மெயிலை வாங்கி வெளியே கடத்திவிடும் சர்வர்) வைத்துத் தாருங்கள், அலாரம் கம்ப்யூட்டர் அந்த ஒரு முகவரிக்கு, அந்த ஒரு போர்ட்டில், வெளியே மட்டும் பேசும், உள்ளே வர வழி இருக்கக் கூடாது. இப்படிக் கேட்டால் தருவார்கள். உங்களிடம் டிஎல்எஸ் தெரியாத பழைய பெட்டிகள் இருந்தால் அவற்றுக்கும் இதுவே மருந்து. அவை ரிலேயிடம் பழைய பாஷையில் பேசட்டும், வெளியுலகத்தோடு ரிலே பேசிக்கொள்ளும். கம்பெனியின் சொந்த டொமைன் முகவரியிலிருந்து அனுப்பினால் எஸ்பிஎஃப் பதிவில் (அந்த டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியலில்) அந்த ரிலேயைச் சேர்க்கச் சொல்ல மறக்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது. இல்லையென்றால் அலாரம் ஸ்பாம் பெட்டியில் லாட்டரிப் பரிசு மெயில்களோடு கிடக்கும்.

வாசகி, திருவொற்றியூர்: என் கணவர் எண்ணூர் பக்கம் ஒரு ஆலையில் பராமரிப்பு இன்ஜினியர். இரவு முழுவதும் போன் 'டிங்' 'டிங்' என்று அடிக்கிறது. ஏழு மாதக் குழந்தை எழுந்துவிடுகிறது. அணைத்து வையுங்கள் என்றால் வேலைக்கு ஆபத்து என்கிறார். ஆனால் அவரும் எடுத்துப் பார்ப்பதில்லை, திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இது உங்கள் பகுதிக்கு ஏற்ற கேள்வியா என்று தெரியவில்லை.

இந்த மாதம் வந்ததிலேயே சரியான அலாரம் கேள்வி இதுதான் அம்மா. "திரும்பிப் படுத்துக்கொள்கிறார்" என்பதை ஆலையில் யாருமே எனக்கு எழுதவில்லை.

முதலில் போன். அவரை ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போடச் சொல்லுங்கள்: அலாரம் பெட்டியின் முகவரியிலிருந்து, தலைப்பில் 'அவசரம்' என்ற சொல்லோடு வருவதற்கு மட்டும் தனி லேபிள், 'ஸ்பாமுக்கு அனுப்பாதே' என்பதையும் டிக் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் லேபிளுக்குத் தனிச் சத்தம் வைக்கலாம். மற்ற எல்லா மெயிலையும் ஊமையாக்கிவிட்டு, இந்த லேபிளை மட்டும் தொந்தரவு செய்யாதே நிலையிலும் ஒலிக்க அனுமதிக்க வேண்டும். பேட்டரி சிக்கனத்திலிருந்து ஜிமெயிலுக்கு விலக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் போன் தூங்கும்போது மெயிலும் தூங்கிவிடும்.

இது பாதிதான். மீதி ஆலையில் நடக்க வேண்டும். அங்கே எத்தனை பேருக்கு அந்த மெயில் போகிறது என்று கேளுங்கள். எட்டுப் பேர் என்பார். எட்டுப் பேருக்குப் போனால் எட்டுப் பேரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று திரும்பிப் படுப்பார்கள். ஓர் இரவுக்கு ஒரு பெயர் என்று மாதப் பட்டியல் போட்டு, மெயில் அந்த ஒருவருக்கு மட்டும் போக வேண்டும். அவர் 15 நிமிடத்துக்குள் அக்னாலெட்ஜ் செய்யாவிட்டால், அதாவது பார்த்துவிட்டேன் என்று தெரிவிக்காவிட்டால், அடுத்தவருக்கு, அவரும் செய்யாவிட்டால் மேனேஜருக்கு. நல்ல மென்பொருள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு இருக்கும், யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு பேர் முறை போட்டால் உங்கள் வீட்டில் ஆறு இரவில் ஒரு இரவுதான். அந்த ஓர் இரவு மட்டும் அவர் ஹாலில் படுக்கட்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி அவர் டிபன் பாக்ஸோடு வைத்து அனுப்புங்கள். மேனேஜரிடம் நீட்டக் கூச்சமாக இருந்தால், அந்த 'டிங்' பட்டியலை ஒரு வாரத்துக்குப் பிரின்ட் எடுத்துக்கொண்டு தேரடிப் பக்கம் வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். ஒரு சிவப்புப் பேனாவும் வைத்திருக்கிறேன்.